இரண்டாவது வாசகி

கியூவில் நின்றவர்கள் எங்கள் மேஜைமேல் பைகளை வைக்கத் தொடங்கியபோதுதான் எனக்குப் பொறுமை போனது.

"ஏம்மா, இது என்ன மூட்டை வைக்கிற இடமா?" என்று தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒருத்தியைக் கேட்டேன்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க. காலியா இருந்துச்சு, அதான்..." என்று அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேஜை காலியாக இல்லை. பின்னால் என் கணவன் க்ளைவ் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் அவன் வரைந்த காமிக்ஸ் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. தலைக்கு மேலே 'இரவுப் பெலிக்கன் – படைத்தவர் க்ளைவ் பிராண்ட்ரெத்' என்ற துணிப் பதாகை தொங்கியது. முந்தின நாள் நானே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தது.

அடிலெய்டில் வருஷா வருஷம் நடக்கும் காமிக்ஸ் திருவிழா அது. கண்காட்சி மைதானத்தின் பெரிய கொட்டகையில் ஓவியர்களுக்கென்று ஒரு நீள வரிசை ஒதுக்குவார்கள், ஆளுக்கொரு மேஜை. வாசகர்கள் புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். ஓவியர் கையெழுத்துப் போட்டு, மனசிருந்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு படமும் வரைந்து கொடுப்பார். அந்த வருஷம் பக்கத்து மேஜை அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்கு. அவளுக்கு நின்ற கியூ எங்கள் மேஜையை உரசிக்கொண்டு போய், மூலையில் திரும்பி, கழிப்பறை வரைக்கும் நீண்டது. நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"சார், கியூ எங்க முடியுது?"

"நேரா போய் வலது பக்கம் திரும்புங்க தம்பி. அந்தச் சிவப்புக் கதவுகிட்ட" என்று க்ளைவ் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று கை காட்டினான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவன் அந்தப் பெண்ணின் கியூவுக்குக் காவல்காரன் ஆகிவிட்டான்.

"உனக்கு என்ன சம்பளம் தர்றாளாம்?" என்றேன்.

"கேட்டா வழி சொல்லக் கூடாதா நோல்?"

என் பெயர் நோலீன். அதை முழுசாகச் சொல்ல அவனுக்கு என்றைக்கும் சோம்பல்.

இரவுப் பெலிக்கன் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூரோங் உப்பங்கழியில் மீன் பிடிக்கும் ஒருவன், ராத்திரியானால் பெலிக்கன் என்கிற கூழைக்கடாவாக மாறி, திருட்டு வலை போடுகிற பெரிய படகுக்காரர்களை ஓட ஓட விரட்டுவான். சிரிக்காதீர்கள். எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துப் பத்திரிகைக் கடைகளில் எல்லாம் அது தொங்கியது. ஒரு வருஷம் மாதாமாதம் வந்தது. பிறகு பதிப்பாளர் கடையை மூடிவிட்டார். க்ளைவ் போர்ட் பிரீயில் பள்ளிக்கூட ஓவிய வாத்தியாராகப் போய், ஓய்வும் பெற்றுவிட்டான்.

பெலிக்கன் பிறந்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான். மை காயாத பக்கங்கள் நாற்காலி, கட்டில், சலவை இயந்திரம் என்று எல்லாவற்றின்மேலும் கிடக்கும். அதை மிதிக்காமல் நடப்பதே எனக்குப் பெரும்பாடு. அச்சாகி வந்த புத்தகத்தை நான் ஏன் புரட்டப் போகிறேன்? என் கண்முன்னால்தானே அது கோடு கோடாக வளர்ந்தது. அதில் ஒரு பக்கத்தைச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தேன். விடிகாலையில் அந்த மீனவன் நனைந்துபோய் வீடு திரும்புகிறான். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவன் சட்டையை வாங்கி வராந்தாவில் நின்று பிழிகிறாள். அந்தப் பக்கம் முழுக்க ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தக் கைகள் என் கைகள். என்னை நிற்கவைத்துத்தான் வரைந்தான்.

அந்த வருஷம் அடிலெய்டுக்கு வேனை ஓட்டிக்கொண்டு வரும்போதே க்ளைவ் சொல்லிவிட்டான்.

"இதுதான் கடைசி நோல். கை ரொம்ப நடுங்குது. ஹோபார்ட்டுக்குப் போயிட்டா மேஜையாவது ஒண்ணாவது."

ஹோபார்ட்டில் எங்கள் மகள் மெரன் இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்னால் எங்களுக்கென்று ஓர் அறை தயாராக இருந்தது.

"சரி" என்றேன். எனக்கும் அந்த மடக்கு மேஜையைத் தூக்கித் தூக்கி முழங்கால் போய்விட்டது.

கொஞ்ச தூரம் போன பிறகு அவனே பேசினான். "ஒரே ஒருத்தர் வந்தாப் போதும். யாருன்னே தெரியாத ஒருத்தர். அவங்க வீட்டுல வச்சிருந்த பெலிக்கனை எடுத்துட்டு வந்து நீட்டணும். ஒரு கையெழுத்து. அதோட பேனாவை மூடிடறேன்."

கடந்த சில வருஷங்களாக அப்படி யாரும் வந்ததில்லை. அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அப்படியே போனது. சாயங்காலம் கால் ஆறட்டும் என்று கொட்டகையைச் சுற்றிவிட்டு வந்த க்ளைவ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். "அஞ்சாவது வரிசையில ஒரு பழைய புத்தகக்காரன் பெலிக்கனைப் போட்டு வச்சிருக்கான். எதை எடுத்தாலும் ஒரு டாலர் பெட்டியில. நாலஞ்சு இருக்கு. ஈரம் பட்டது, கிழிஞ்சது, எல்லாம்."

"உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"அழுதா மட்டும் விலை ஏத்திடுவானா?"

சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. எங்கள் மேஜைப் பக்கம் யார் ஒரு அடி எடுத்து வைத்தாலும் க்ளைவ் பேனா மூடியைத் திறப்பான். வந்தவர் கியூவின் கடைசி எங்கே என்று கேட்பார். வழி சொல்லிவிட்டு மூடியைத் திரும்ப மாட்டுவான். மறுபடி திறப்பான், மறுபடி மாட்டுவான். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டான், அந்த விஷயத்தில் கல்லுளிமங்கன். ஆனால் அந்த மூடி மாட்டுகிற சின்னச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஐந்தாவது வரிசைக்குப் போய், அந்தப் பெட்டியைக் கிளறி, இருப்பதில் நல்லதாக ஒரு பெலிக்கனை எடுத்துக்கொண்டேன். வெளியே, இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிகளை ஒட்டி இரும்பு மனிதன் வேஷம் போட்டு வந்த ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையில் கவிழ்த்த பெட்டியில் வாய்க்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தான். குரலை வைத்துப் பார்த்தால் நாற்பது வயதிருக்கும். மார்பு அட்டையில் தக்காளி சாஸ் வழிந்திருந்தது.

"தம்பி, எனக்கு ஒரு உதவி செய்வியா?"

"எழுந்திரிக்கச் சொல்லாதீங்க. உட்காரவே ரெண்டு பேர் உதவி பண்ணாங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவன் பெயர் ட்ராவிஸ். வன்பொருள் கடையில் வேலை. மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நான் பொய் சொன்னா என் காது சிவந்துடும், பரவாயில்லையா?"

"தலைக்கு மேல அட்டைப்பெட்டி இருக்கே, யாருக்குத் தெரியப்போகுது?"

"அதுவும் சரிதான். நான் என்ன சொல்லணும்?"

"சின்ன வயசுலேர்ந்து வச்சிருக்கேன்னு சொல்லு. எந்த இடம் பிடிக்கும்னு கேட்டா, அவன் பொண்டாட்டி ஈரச் சட்டையைப் பிழியற இடம்னு சொல்லு. யாரும் பேச மாட்டாங்க, அதான் பிடிக்கும்னு சொல்லு."

அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "இதுக்கு என்ன தருவீங்க?" என்றான். நான் கைப்பையைத் திறந்தேன். "அட, சும்மா சொன்னேன். உங்க வீட்டுக்காரர் குடுத்துவச்சவர்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு எழ முயன்றான். நான்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

டீயோடு நான் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து ட்ராவிஸ் வந்தான். நன்றாகத்தான் நடித்தான். கியூவைக் கடந்து நேராக எங்கள் மேஜைக்கே வந்தான், புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினான். அன்றும் கியூவில் நின்ற பச்சை முடிக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். க்ளைவ் பேனா மூடியைத் திறந்து, இந்தத் தடவை அதைக் கீழே வைத்துவிட்டான்.

"எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும்?" நான் நினைத்தபடியே கேட்டான்.

ட்ராவிஸ் ஒரு பிசகும் இல்லாமல் ஒப்பித்தான். ஈரச் சட்டை, வராந்தா, வார்த்தை இல்லாதது.

க்ளைவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. ட்ராவிஸை நிமிர்ந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு பெலிக்கன் வரைந்தான். இறகு இறகாக, அவசரமே இல்லாமல். ட்ராவிஸின் பெயரைக் கேட்டு எழுதினான். அவன் கை அந்த அளவுக்கு நடுங்காமல் இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் க்ளெனெல்க் கடற்கரையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தந்தான். நான் குளிரில் நடுங்கியதைப் பார்த்துத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். திடீரென்று என் கையை எடுத்து வைத்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் நோல்?" என்றான். சந்தோஷத்தில் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குமேல் கொட்டகையில் கூட்டம் வடியத் தொடங்கியது. நான் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் அவள் வந்தாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். சூப்பர் மார்க்கெட் சீருடையை மாற்றாமலே வந்திருந்தாள், மார்பில் பெயர்ப்பட்டை போட்டிருந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கியூ எங்கே முடிகிறது என்று கேட்பாள் என்று நான் காத்திருந்தேன்.

"நீங்கதானா?" என்றாள் க்ளைவிடம். "வையாலாலேர்ந்து பஸ்ல வந்தேன். ராத்திரி ஷிப்ட் முடிய மாட்டேன்னுது. நீங்க கிளம்பியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

பைக்குள்ளிருந்து ஒரு பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு பெலிக்கன். முதுகெல்லாம் ஒட்டுநாடா, அதுவும் பழுப்பேறிப் போனது. அட்டையின் ஒரு மூலையைக் காணோம்.

க்ளைவ் புத்தகத்தைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். அவன் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு அது புரியவில்லை.

"இங்க போடுவீங்களா சார்?" அவள் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். பெலிக்கனின் முகம் பெரிதாக இருக்கும் பக்கம். கண்களில் யாரோ நீலப் பேனாவால் அழுத்தி அழுத்தி நிறம் தீட்டியிருந்தார்கள். "இது நான் சின்னப் புள்ளைல பண்ணினது, திட்டாதீங்க. கண்ணு வெறும் வெள்ளையா இருந்துச்சா, எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் நீலம் போட்டேன். அந்தக் கண்ணுகிட்ட உங்க கையெழுத்து..."

க்ளைவ் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தை மெதுவாக மூடி, பேனாவை அட்டையின் மேல் வைத்தான்.

"உங்களுக்கு எந்த இடம்மா பிடிக்கும்?"

அவள் விழித்தாள். "இடம்னா... எனக்குக் கதையே சரியா ஞாபகமில்ல சார். வீட்டுல அப்பாவும் அம்மாவும் அடிச்சுக்குவாங்க. நான் இதை எடுத்துட்டுக் கட்டிலுக்கு அடியில போயிடுவேன். படிக்கல்லாம் மாட்டேன், இருட்டா இருக்கும். நெஞ்சுமேல வச்சுக்குவேன், அவ்வளவுதான். எல்லாம் அடங்கினதும் வெளிய வருவேன்."

க்ளைவ் சிரித்தான். கேலியாக இல்லை, ரொம்ப அன்பாகத்தான் சிரித்தான். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

"நேத்து வந்தவரு நல்லாப் பாடம் பண்ணிட்டு வந்தாரு. உங்களுக்கு நேரம் பத்தலை போல. ஆனா நீங்க நல்லா பண்றீங்க, நெஜமாவே."

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா." கையெழுத்துப் போட்டான். பெயர் மட்டும், வாசலில் வந்த பார்சலுக்குப் போடுவதைப் போல. பெலிக்கன் வரையவில்லை. அவள் பெயரைக் கேட்கவில்லை. "சிரமப்பட்டு வந்ததுக்கு நன்றி. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க, நோல் வாங்கித் தருவா."

எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. நேற்று வந்தது யார் ஏற்பாடு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து, இவள் என் ஆள் இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றதில் நாக்கு எழவில்லை.

"என் பேரு..." என்று தொடங்கிய அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. கண் கலங்கியது. புத்தகத்தைத் துணியில் சுற்றினாள், மை காய்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. "நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெயர்ப்பட்டையை நான் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

"ஏன் அப்படிப் பேசின?" என்றேன்.

"கோவிச்சுக்காத நோல். இன்னொரு ஆள்கிட்டயும் உக்கார்ந்து ஏமாந்துக்கிட்டிருக்க முடியல. ஒண்ணு போதும்."

"நேத்தே உனக்குத் தெரியுமா?"

"சட்டை பிழியற பக்கம் புத்தகத்துலயே இல்லையே. சைக்கிள் விளம்பரம் போடணும்னு எடிட்டர் அதைத் தூக்கிட்டாரு. அச்சாகவே இல்ல. நம்ம வீட்டை விட்டா அந்தப் பக்கத்தைப் பார்த்தது அவரு ஒருத்தர்தான். அவரு செத்துட்டாரு. மீதி நாமதான்."

முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பார்த்த பக்கம். அது எல்லோருக்கும் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

"க்ளைவ், இவளை நான் அனுப்பலை."

"சரி."

"சத்தியமா சொல்றேன். இவ யாருன்னே எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணைப் பார்த்தியா? நீலப் பேனா?"

"பழைய புத்தகம்னா எந்தக் குழந்தையாவது கிறுக்கியிருக்கும். பெட்டியில கிழிஞ்சதும் கிடந்துச்சு, நான்தான் சொன்னேனே."

நான் ஓடினேன். இந்த முழங்காலோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. டீ வண்டி, வாசல், பஸ் நிறுத்தம். சீருடை போட்ட ஒருத்தியைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன், அவள் வேறு யாரோ. வெளியே முகமூடிகளைக் கழற்றிவிட்டுச் சனங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ட்ராவிஸ் எங்காவது தென்பட்டால்கூடப் போதும், நான் ஒருத்தன்தான் அவங்க அனுப்பின ஆள் என்று அவனைச் சொல்ல வைக்கலாம் என்று தோன்றியது. அட்டைப்பெட்டியைக் கழற்றிவிட்டால் அவன் முகம் கூட்டத்தில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது க்ளைவ் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அவ நிஜம் க்ளைவ். நீ கேட்ட ஆள் அவதான். வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தா. நீ அவ பேரைக்கூடக் கேக்கலை."

அவன் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நம்பலாமா என்று ஒரு கணம் அவன் கண்ணில் வந்து போனதைப் பார்த்தேன். அப்புறம் அது போய்விட்டது. குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில், "உன் மனசு எனக்குத் தெரியாதா? வா, அந்தப் பக்கம் பிடி" என்றான். நான் மேஜையின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

இப்போது ஹோபார்ட்டில் இருக்கிறோம். க்ளைவ் படம் வரைவதில்லை. தக்காளி வளர்க்கிறான், உடம்பு பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெரன் அவள் சிநேகிதர்களைச் சாப்பிடக் கூப்பிடுவாள். யாராவது புதிதாக வந்தால் அவன் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். அட்டைப்பெட்டிக்காரனை அப்படியே நடித்துக் காட்டுவான். சட்டை பிழியும் பக்கத்தைச் சொல்லும்போது எல்லோரும் என்னைப் பார்த்து, "அச்சச்சோ" என்பார்கள்.

"இருங்க, முடியலை. மறுநாள் இன்னொருத்தி! நான் மனசு உடைஞ்சுடக் கூடாதுன்னு என் பொண்டாட்டி ரெண்டு பேரை ஏற்பாடு பண்ணியிருக்கா. ரெண்டாவது ஆளுக்கு வசனமே வரலை. ஆனா போறப்ப கண்ணுல தண்ணி வரவச்சா பாருங்க, அது பிரமாதம்!"

"ரெண்டாவது ஆள் என் ஆள் இல்ல" என்று நான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

மேஜையே அதிரும்படி அதற்குத்தான் எல்லோரும் சிரிப்பார்கள். க்ளைவ் மேஜைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்து, அன்பாக ஓர் அழுத்து அழுத்துவான்.